அகீக்கும் அது கிடந்த மண்ணும்

செம்பட்டிச் சமவெளியின் உழவுச் சாலில் மெருகேறிய செந்நிறக் கல்லொன்று அகப்படின், மாணிக்கமோ என்றே முதலில் எண்ணுவோம். ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்னும் மணிநூலை யாத்த அறிஞர் அல்பிரூனீ (973–1048) இத்தகைய ஐயத்தை நீரைக்கொண்டு தீர்த்தார். கூம்புக் கலத்தில் நீர் நிரப்பி, கல்லை உள்ளே இட்டு, வெளியே வழிந்த நீரை நிறுத்துக் கல்லின் எடையோடு ஒப்பிட்டார். மாணிக்கம் தன் பருமனளவு நீரைவிட நான்கு மடங்கு கனக்கும். நாம் மோதிரத்தில் பதிக்கும் அகீக், அதாவது சூதுபவளம், ஏறத்தாழ 2.6 மடங்கே.

கல் இன்னதெனத் தெளிந்தபின்னும் அதன் காலம் தெளிவதில்லை. செம்பட்டிக்கு மேற்கே, பழனியை அடுத்த பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்தார். கண்ணாடி மணிகளும் சூதுபவள மணிகளும் அங்கே கிடைத்தன. ஈமக்குழி ஒன்றில் நாற்கால் சாடி நிறைய நெல்லும், ‘வய்ர’ எனத் தமிழி எழுத்துப் பொறித்த புரிமனையும் இருந்தன. நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. ஒரே கணிப்பைக்கொண்டு எழுத்தின் தொன்மையை முடிவுசெய்யலாகாது என்றனர் சிலர். அது நியாயமான தடையே. எனினும் நெல்லும் எழுத்தும் ஒரே குழியில் இருந்தமையால்தான் அவ்விவாதமே எழுந்தது. புதையல் தேடுவோர் முந்தியிருப்பின் மணிகள் மட்டுமே கடைவீதிக்கு வந்திருக்கும். 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதைபொருளை ஆட்சியருக்கு அறிவிக்கும்படி 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பணிக்கிறது. அப்போது கல்லுடன் அது கிடந்த இடத்தையும் ஆழத்தையும் எழுதிக் கொடுத்தல் வேண்டும்.