தராசு முள் யார் கையில்?

இந்தத் தேடலைத் தொடங்கி வைத்தவர், எங்கள் ஊர் மதரசாவில் நெடுங்காலம் ஓதிக்கொடுத்த ஹஜ்ரத். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, கையிலிருந்த நாளிதழை என் பக்கம் நகர்த்தினார். ‘மிதவாத முஸ்லிம் நாடுகள்’ என்று ஒரு தலைப்பு. “தம்பி, நீங்க பழைய காகிதமெல்லாம் தேடிப் படிக்கிறவங்க. இந்த மிதம் யாரு அளந்த மிதம்? எந்தத் தராசுல நிறுத்தாங்க? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்” என்றார்.

மிதம் என்றாலே அளவு. அப்படியானால் அளந்த கை ஒன்று இருக்க வேண்டும். அந்தக் கையை ஆவணங்களில் தேடுவது என்று முடிவு செய்தேன்.

ஒரு கறுப்பு வெள்ளைப் படம்

முதலில் அகப்பட்டது ஒரு புகைப்படம். 1953 செப்டம்பர் 23 அன்று வெள்ளை மாளிகையில் எடுத்தது. அதிபர் ஐசனோவரைச் சுற்றி முஸ்லிம் நாடுகளின் அறிஞர்கள் நிற்கிறார்கள். சிலர் கோட்டு சூட்டில், சிலர் அங்கியிலும் தலைப்பாகையிலும். வலப்பக்கத்திலிருந்து இரண்டாவதாக, கையில் காகிதங்களுடன் ஓர் இளைஞர்.

வந்திருந்தவர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் சேர்ந்து நடத்திய இஸ்லாமியப் பண்பாட்டுக் கருத்தரங்கின் விருந்தினர்கள். கருத்தரங்கின் கட்டுரைகளை வாசித்தால் கல்வி, சட்டம், கலை பற்றிய நல்ல விவாதங்கள்தான் தெரிகின்றன. ஆனால் அதே கருத்தரங்கு பற்றி அமெரிக்க அரசின் உள்சுற்றுக் குறிப்பு ஒன்றும் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது முழுக்க அறிவுப் பணியாகத் தோன்ற வேண்டும், அந்தத் தோற்றமே நமக்கு வேண்டியது என்ற பொருளில் அது பேசுகிறது. பணம் கொடுத்தவர்களில் வெளியுறவுத் துறையின் தகவல் பிரிவும் உண்டு. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். சோவியத் யூனியனுக்கு எதிராக இஸ்லாமிய நாடுகளில் செல்வாக்குள்ள மனிதர்களை அடையாளம் காண்பதே உள்நோக்கம்.

கையில் காகிதம் வைத்திருந்த இளைஞரின் பெயர் சயீத் ரமளான். வயது 27. முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தை நிறுவிய ஹசன் அல்பன்னாவின் மருமகன். கெய்ரோவின் அமெரிக்கத் தூதரகமே அவர் பெயரைப் பரிந்துரைத்திருந்தது. கருத்தரங்கில் அவரைக் கவனித்து எழுதப்பட்ட உளவுத் துறை மதிப்பீடோ, அதிகாரத்துக்காக ஆட்களைத் திரட்டும் பாசிச இயல்புள்ளவர் என்று அவரைக் கணிக்கிறது. அந்தக் கணிப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். தாங்களே அவ்வாறு கருதிய ஒருவரைப் பற்றிய அமெரிக்க ஆர்வம் அதன் பிறகும் நின்றுவிடவில்லை என்பதைத்தான் நான் குறித்துக்கொண்டேன். தராசில் ஒருவருடைய கருத்துகள் ஏறவில்லை. அவரால் ஆகக்கூடிய பயன் ஏறியது.

பேசாத தொகுதி

படத்தின் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆண்டின் மற்ற தாள்களைப் புரட்டினேன். சரியாக 35 நாட்களுக்கு முன், ஆகஸ்ட் 19 அன்று, ஈரானின் பிரதமர் முகம்மது முசாதிக் கவிழ்க்கப்பட்டிருந்தார்.

இங்கேதான் தேடல் ஒரு சுவரில் முட்டியது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆவணங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிடுவது வழக்கம். 1951 முதல் 1954 வரையிலான ஈரான் தொகுதி 1989-இல் வந்தது. பெரிய புத்தகம். ஆனால் ஆட்சிக் கவிழ்ப்பில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத் துறைகளுக்கு இருந்த பங்கு அதில் எங்குமே இல்லை. நடந்ததை அறிந்த அறிஞர்கள் கொதித்தார்கள். வெளியுறவுத் துறைக்கான வரலாற்று ஆலோசனைக் குழுவின் தலைவர் வாரன் கோஹன் 1990-இல் பதவி விலகினார். தொகுதிகள் முழுமையாக இருக்க வேண்டும் என்று 1991-இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 1997-இல் இன்னொரு செய்தி வெளிப்பட்டது. ஈரான் நடவடிக்கை பற்றிய காகிதங்களில் பெரும்பகுதியைச் சி.ஐ.ஏ. 1960-களிலேயே அழித்துவிட்டதாம். தன் பங்கை அந்த அமைப்பின் ஆவணமே ஒப்புக்கொள்வது 2013-இல் வெளிவந்தது. விடுபட்ட பக்கங்களைச் சேர்த்த புதிய தொகுதி 2017 ஜூனில்தான் அச்சேறியது. ஒரு நாட்டின் விதியை மாற்றிய நான்கு நாட்களைப் படிக்க 64 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

முசாதிக் யார்? சுவிட்சர்லாந்தில் சட்டம் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். ஈரானின் எண்ணெயை 1951-இல் நாட்டுடைமை ஆக்கினார். பிரிட்டன் வழக்குப் போட்டது. அவர் துப்பாக்கியைத் தூக்கவில்லை, 1952 ஜூனில் தாமே ஹேக் நகருக்குப் போய்த் தம் நாட்டுக்காக வாதாடினார். வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று ஜூலை 22 அன்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஈரானுக்கு வெற்றி. ஒரு பக்கம் துதே கட்சியின் கம்யூனிஸ்டுகள், மறு பக்கம் ஷாவின் முடியாட்சி. இரண்டுக்கும் நடுவே அரசமைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். கடைசி நாட்களில் நாடாளுமன்றத்தைக் கலைக்க அவர் நடத்திய பொதுவாக்கெடுப்பு குறை சொல்லத்தக்கதுதான். அதையும் சொல்லியே ஆக வேண்டும்.

அவருடைய வெளியுறவுக் கொள்கையின் பெயர் என்னை நிறுத்தி வைத்தது: ‘எதிர்மறைச் சமநிலை’. பிரிட்டனுக்கும் சலுகை இல்லை, சோவியத்துக்கும் இல்லை. 1944-லேயே நாடாளுமன்றத்தில் இதைச் சட்டமாக்க வைத்தவர் அவர். சமநிலைக்குப் பாரசீகத்தில் அவர்கள் வழங்கும் சொல் ‘முவாஸனா’. நம் மக்கள் வாயில் புழங்கும் ‘மீஸான்’, அதாவது தராசு, பிறந்த அதே வேர். எந்தப் பக்கமும் சாயாத தராசைக் கொள்கையாக வைத்திருந்த ஒருவரை, நிலைகுலைந்தவர், பேசிப் பயனில்லாதவர் என்று அக்கால மேற்கத்தியத் தாள்கள் வருணித்தன. கவிழ்ப்புக்குப் பின் மூன்றாண்டுச் சிறை, அதன்பிறகு 1967-இல் இறக்கும் வரை சொந்த கிராமத்தில் வீட்டுக் காவல். 1954-இல் ஈரானின் எண்ணெய்க்குப் புதிய கூட்டமைப்பு வந்தது. அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 விழுக்காடு, பழைய பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு இன்னொரு 40 விழுக்காடு.

அந்தக் கணக்கைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தேடிய கையின் ரேகை முதன்முறை தெரிந்தது அங்கேதான்.

மன்னரும் ஏவுகணையும்

அடுத்த தடயம் 1957 செப்டம்பர் 7 தேதியிட்ட ஒரு கூட்டக் குறிப்பு. அதிபரின் செயலாளர் குட்பேஸ்டர் எழுதியது. மத்திய கிழக்கில் கம்யூனிசத்துக்கு எதிராகப் ‘புனிதப் போர்’ என்ற கோணத்தை வலியுறுத்த இயன்றதெல்லாம் செய்ய வேண்டும் என்று ஐசனோவர் சொன்னதாக அதில் பதிவு இருக்கிறது. எகிப்தின் நாசருக்கு எதிராக முஸ்லிம்களின் ஆன்மிகத் தலைவராகச் சவூதி மன்னர் சவூதை வளர்த்துவிடலாம் என்ற எண்ணத்தை அதற்கு முந்தைய ஆண்டே தம் நாட்குறிப்பில் எழுதியவர் அவர். அப்போது சவூதி அரேபியாவில் மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் கிடையாது. அடிமை முறை சட்டப்படி நடந்தது. 1962-இல்தான் அது ஒழிக்கப்பட்டது.

இன்று எந்தச் சொல்லைத் தீவிரவாதத்தின் அடையாளம் என்று சொல்லி முஸ்லிம்களிடம் விளக்கம் கேட்கிறார்களோ, அந்தச் சொல்லை ஊதிப் பெருக்கச் சொன்ன குறிப்பு வெள்ளை மாளிகையின் கோப்பிலேயே கிடக்கிறது.

‘மிதவாதம்’ என்ற சொல் நேரடியாகக் கையில் சிக்கியது 1986 ஜனவரி 17-ஆம் தேதி ஆவணத்தில். அதிபர் ரீகன் ஒப்புதல் அளித்த இரகசிய நடவடிக்கை உத்தரவு அது. ஈரானில் கூடுதல் மிதவாத அரசு அமையச் செய்வது அதன் நோக்கங்களில் முதலாவது. பெய்ரூட்டில் பிணையாகப் பிடிபட்ட அமெரிக்கர்களை விடுவிப்பது இன்னொன்று. வழி? ஆயுத விற்பனை. இணைப்புக் குறிப்பு அதிபருக்கு வாய்மொழியாக விளக்கப்பட்டது என்று அதன் அடியில் பாதுகாப்பு ஆலோசகர் பாயின்டெக்ஸ்டர் எழுதி வைத்திருக்கிறார். மே 25 அன்று முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஃபார்லேன் தலைமையில் ஒரு குழு போலிக் கடவுச்சீட்டுகளுடன் தெஹ்ரானில் இறங்கியது. நான்காம் நாள் நினைத்தது நடக்காமல் திரும்பியது.

1953-இல் நாடாளுமன்றம், நீதிமன்றம் என்று பேசிய மனிதரை வீழ்த்திவிட்டு, 33 ஆண்டுகள் கழித்து அதே நகரத்தில் ஏவுகணைகளைக் கொடுத்து மிதவாதிகளைத் தேடினார்கள். இந்த இரு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பட்டியல் போட்ட காலம்

2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு இரகசியக் குறிப்புகளுக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. எல்லாம் வெளிப்படையாக அச்சில் வந்தது. ரேண்ட் ஆய்வு நிறுவனத்துக்காக ஷெரில் பெனார்ட் 2003-இல் எழுதிய அறிக்கை முஸ்லிம்களை நான்காகப் பிரித்தது: அடிப்படைவாதிகள், மரபுவாதிகள், நவீனவாதிகள், மதச்சார்பற்றோர். யாரைத் தூக்கி நிறுத்துவது, யாரை யாரோடு மோதவிடுவது என்ற ஆலோசனையும் அதில் உண்டு. மிதவாத முஸ்லிம் வலைப்பின்னல்களை உருவாக்குவது பற்றிய அதே நிறுவனத்தின் 2007 அறிக்கை, பனிப்போரில் அமெரிக்கா கட்டிய அறிவாளர் வலைப்பின்னல்களை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது. 1953-இன் புகைப்படம் என் நினைவுக்கு வந்தது.

அந்த 2007 அறிக்கை மிதவாதிக்குச் சொல்லும் அடையாளங்கள் இவை: மக்களாட்சி, ஒரு பிரிவைச் சாராத சட்டம், பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் மதிப்பு, வன்முறை மறுப்பு. இவற்றில் எதையும் நான் தள்ளமாட்டேன். என் பிள்ளைகள் வாழும் சமூகத்தில் இவை இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். என் வருத்தம் வேறு. இதே அளவுகோலை எண்ணெய் விற்கும் மன்னர்களுக்கும், படைத்தளம் கொடுக்கும் தளபதிகளுக்கும் எவரும் வைத்துப் பார்க்கவில்லை. மசூதி இமாமுக்கு ஒரு படிக்கல், அரண்மனைக்கு வேறு படிக்கல்.

இதில் அடிபடுபவர் உண்மையிலேயே நடுவில் நிற்கும் முஸ்லிம். கொலைகாரக் கும்பலை மார்க்கத்தின் பெயரால் கண்டிக்கும் ஆலிமையும், மகளைப் படிக்கவைக்கப் போராடும் தாயையும் தூதரகத்தின் ஆள் என்று ஒரே வார்த்தையில் வாயடைத்துவிடலாம். அந்த வார்த்தைக்கு வலு சேர்த்தவை இந்தக் கோப்புகள்.

சொல்லின் வேர்

தமிழில் ‘மிதவாதி’ என்ற சொல் முதலில் முஸ்லிம்களுக்காக வந்ததல்ல. 1907-இல் சூரத்தில் காங்கிரஸ் உடைந்த காலத்து அரசியல் வழக்கு அது. மிதவாதிகளை அணைத்துக்கொள்வது என்பது இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மார்லி, வைசிராய் மின்டோ இருவரின் அறிவிக்கப்பட்ட தந்திரம். 1909-இல் மிதவாதிகளுக்குச் சட்டமன்ற இருக்கைகளைக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே திலகர் மாண்டலேக்கும் வ.உ.சி. கோவைச் சிறைக்கும் அனுப்பப்பட்டிருந்தார்கள். ஆள்பவன் அளந்த மிதத்தை நம் பாட்டன்மார் ஏற்கெனவே பார்த்தவர்கள்.

திருக்குர்ஆன் தரும் சொல் வேறு: ‘வஸத்’. அல்பகறா அத்தியாயத்தின் 143-ஆம் வசனத்தில் வருகிறது. அந்த அத்தியாயத்தின் மொத்த வசனங்கள் 286. சொல் இருப்பது சரிபாதியில். அதற்கு விளக்கம் தேடி ஹதீஸ் பக்கம் போனால், புகாரியில் ‘அத்ல்’ என்று இருக்கிறது. அதாவது நீதி. பத்தாம் நூற்றாண்டில் மறைந்த தபரியின் விரிவுரையும் அதையே முன்வைக்கிறது. இது தமிழருக்குப் புதிதில்லை. வள்ளுவர் ‘நடுவு நிலைமை’ என்று ஓர் அதிகாரம் வைத்துப் பேசியதும் நீதியைத்தான். அங்கும் தராசுதான் உவமை. இரண்டு மொழியிலும் நடு என்பது கொஞ்சம் குறைத்துக்கொண்ட நம்பிக்கையின் பெயராக இல்லை. வேண்டியவன், வேண்டாதவன் பார்க்காத நேர்மையின் பெயராக இருக்கிறது.

குறிப்பேடுகளுடன் ஹஜ்ரத்திடம் திரும்பிப் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அந்த ஆயத்தை முழுசா ஓதுனீங்களா? மனுசங்களுக்குச் சாட்சியா இருக்கிறதுக்காக உங்கள நடுச் சமுதாயமா ஆக்குனோம்னு வருது. சாட்சிக்கு ஷர்த்து என்ன? ‘அத்ல்’ இருக்கணும். ஒரு கட்சிக்காரன் கையில காசு வாங்குனவன் சாட்சி செல்லுமா தம்பி?” என்றார்.

“செல்லாது, ஹஜ்ரத்.”

“அதே மாதிரி, தன் ஆளு தப்புப் பண்ணுனா வாயை மூடிக்கிறவன் சாட்சியும் செல்லாது. நமக்கு எதிரா இருந்தாலும் நீதியைச் சொல்லணும்னு அந்நிஸா அத்தியாயத்துல இருக்கு. வாஷிங்டன்காரன் தராசு கோணல்னு கண்டுபிடிச்சிட்டீங்க. நம்ம தராசையும் ஒருதரம் பார்த்துக்கணும்.”

மஃரிப் பாங்கு ஒலித்தது. அந்த வசனம் இறங்கியது தொழும் திசையான கிப்லா மாறிய சந்தர்ப்பத்தில் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடுவில் நிற்கச் சொன்ன அதே வசனம் முகம் திருப்ப வேண்டிய திசையையும் பேசுகிறது. குறிப்பேட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். எனக்குப் பக்கத்தில் ஹஜ்ரத் நின்றார்.