காட்டெருமை மீட்பும் நிலவுரிமையும்: மொண்டானா தேசியக் காட்டெருமைக் காப்பகத்தின் வரலாறு

அமெரிக்கக் காட்டெருமையின் மீட்பு வரலாறு பெரும்பாலும் வில்லியம் ஹார்னடேயின் பெயரோடு தொடங்குகிறது. வட அமெரிக்கச் சமவெளிகளில் கோடிக்கணக்கில் மேய்ந்த இவ்விலங்கு தோல் வணிகத்தால் அழிவின் விளிம்பை எய்தியதை அவர் 1889இல் வெளியான தம் அறிக்கையில் பதிவுசெய்தார். அவர் கணக்கின்படி எஞ்சியவை ஏறத்தாழ 1,100. 1905இல் அவர் தலைமையில் அமெரிக்கக் காட்டெருமைக் கழகம் தோன்றியது. 1908 மே மாதம், குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட சட்டத்தின்வழி மொண்டானாவில் தேசியக் காட்டெருமைக் காப்பகம் நிறுவப்பட்டது. (தமிழில் காட்டெருமை என்னும் சொல் மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுமாட்டையும் குறிக்கும், இங்குப் பேசப்படுவது பைசன் என்னும் வேறினம்.)

இவ்வரலாறு பொய்யன்று. ஆயின் அக்காப்பகம் யாருடைய நிலத்தில் அமைந்தது, அதில் விடப்பட்ட விலங்குகள் எங்கிருந்து வந்தன என்னும் இரு வினாக்களை அது எழுப்புவதில்லை.

இரண்டாம் வினாவிற்கான விடை 1870களில் உள்ளது. பிளாட்ஹெட் பள்ளத்தாக்கில் வாழ்ந்த சேலிஷ், பான்டொரே, கூட்னி மக்கள் வேட்டைக்காக ராக்கி மலை முகட்டைக் கடந்து கிழக்கே செல்வது வழக்கம். மந்தைகள் அருகிவருவதைக் கண்ட அடாடிசே என்பவர், சில காட்டெருமைகளை மேற்கே ஓட்டிவந்து வளர்க்கலாம் என்றார். தலைவர்களிடையே கருத்து ஒன்றுபடாததால் அவர் அம்முயற்சியைக் கைவிட்டார். பின்னர் அவர் மகன் லடாட்டி கன்றுகள் சிலவற்றைக் கொணர்ந்தார். இது அம்மக்களின் வாய்மொழி வரலாறு கூறுவது. எழுத்துவழி வரலாறுகளோ நெடுங்காலம் லடாட்டியின் மாற்றாந்தந்தை சாமுவேல் வாக்கிங் கயோட்டியையே மந்தையின் தோற்றுநராகக் குறித்தன. மந்தையை விற்றவர் அவரே. விற்பனையில் இடம்பெற்ற பெயர் ஆவணத்தில் நிலைத்ததும், வளர்த்தவர் பெயர் குடும்ப நினைவில் மட்டும் தங்கியதும் வியப்புக்குரியனவல்ல. சமூகத்தின் முன் ஒரு முன்மொழிவு வைக்கப்பட்டு விவாதிக்கப்பட்டதை வாய்மொழி மரபு மட்டுமே காத்துள்ளது. ஆதலின் இவ்விடத்தில் அதனைத் துணைச் சான்றாக அன்றி முதன்மைச் சான்றாகவே கொள்ளல் வேண்டும்.

1884 அளவில் மிஷேல் பாப்லோ, சார்லஸ் அலார்ட் ஆகிய இருவர் அம்மந்தையை வாங்கிப் பள்ளத்தாக்கின் திறந்த புல்வெளியில் பெருக்கினர். 1896இல் அலார்ட் மறைந்தபின் அவர் பங்கு பிரிந்தது. அதில் ஒரு பகுதி கலிஸ்பெல் நகரின் கான்ராட் குடும்பத்தை அடைந்தது.

முதல் வினாவிற்கான விடை சட்டங்களில் உள்ளது. 1855ஆம் ஆண்டின் ஹெல்கேட் உடன்படிக்கை பள்ளத்தாக்கை அம்மக்களுக்கு ஒதுக்கியது. 1904இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அந்நிலத்தைத் தனியர் பெயரில் துண்டாக்கி, எஞ்சியதை வெள்ளையர் குடியேற்றத்திற்குத் திறந்துவிட வகைசெய்தது. சேலிஷ் தலைவர் சார்லோ எதிர்த்தும் பயனில்லை. மேய்ச்சல் நிலத்தை இழக்கவிருந்த பாப்லோ தம் மந்தையை அமெரிக்க அரசுக்கு விற்க முன்வந்தார். அதற்கு நிதி ஒதுக்கப்படவில்லை. கனடா அரசு வாங்கியது. 1907 முதல் 1912 வரை ஏறத்தாழ 700 காட்டெருமைகள் இருப்புப்பாதை வழியே எல்லை கடந்தன.

அதே காலத்தில்தான் அதே ஒதுக்கிடத்தின் 18,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் காப்பகத்திற்கென எடுக்கப்பட்டது. கழகம் பொதுமக்களிடம் நிதி திரட்டி 1909இல் 34 விலங்குகளை வாங்கியது. அவற்றை விற்றது கான்ராட் குடும்பம். அதாவது, பள்ளத்தாக்கில் வளர்ந்த மந்தையின் வழித்தோன்றல்களே, அதனை வளர்த்த மக்களிடமிருந்து எடுத்த நிலத்தில், அவர்களுக்கு எவ்வுரிமையும் இல்லாத வேலிக்குள் விடப்பட்டன. கழகத்தின் உழைப்பை இது குறைப்பதில்லை. எனினும், அழிவுக்கும் மீட்புக்கும் இடையே பழங்குடியினர் வெறும் பார்வையாளராக இருந்தனர் என்னும் கருத்து இங்கு நிலைபெறாது.

அந்நில எடுப்பு முறையற்றது என 1971இல் அமெரிக்க உரிமைக்கோரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. காப்பகப் பணிகளைப் பகிர்ந்துகொள்ள 2004இல் செய்த உடன்பாடு 2006இல் முறிந்தது. 2008இல் செய்ததை 2010இல் நீதிமன்றம் நீக்கியது. 2020 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டமே நிலத்தை மீளளித்தது; 2022 தொடக்கத்தில் நிருவாகம் முழுமையாகப் பழங்குடியினர் கைக்கு வந்தது.

கனடா சென்ற மந்தையின் கிளை எல்க் தீவு தேசியப் பூங்காவில் தொடர்ந்து வளர்ந்தது. அங்கிருந்து 87 கன்றுகள் 2016 ஏப்ரலில் மொண்டானாவின் பிளாக்ஃபீட் ஒதுக்கிடத்திற்குக் கொண்டுவரப்பட்டன. அவ்வொதுக்கிடம் ராக்கி மலை முகட்டின் கிழக்கே, லடாட்டியின் மக்கள் வேட்டைக்குச் சென்றுவந்த சமவெளியின் பக்கம் உள்ளது.