ஒலிம்பிக் சாசனத்தின் 40ஆம் விதி

ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெறும் நாள்களிலும் அவற்றுக்கு முன்னும் பின்னுமான சில நாள்களிலும் போட்டியாளர்களின் பெயர், உருவப்படம், ஆட்டத்திறன் ஆகியவை வணிக விளம்பரங்களில் இடம்பெறுவதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு, ஒலிம்பிக் சாசனத்தின் 40ஆம் விதிக்குரிய துணைவிதிகளில் ஒன்றாகும். வழக்கில் அது '40ஆம் விதி' என்றே சுட்டப்படுகிறது. அக்கட்டுப்பாடு நடப்பிலிருக்கும் நாள்கள் தடைக்காலம் எனப்படும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அது ஜூலை 18இல் தொடங்கி, நிறைவு விழாவுக்கு மூன்று நாள் கழித்து ஆகஸ்ட் 15இல்தான் முடிந்தது.

இதன் வேர் பணத்துக்காக ஆடலாகாது என்ற பழைய அமெச்சூர் கொள்கையில் இருந்தாலும், இன்றைய வலுவை இதற்கு அளித்தது 1985இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு தொடங்கிய உலகளாவிய விளம்பரதாரர் திட்டமே. அத்திட்டத்தில் ஒரு பொருள்வகைக்கு ஒரே நிறுவனம் என்ற முறையில் உரிமை விற்கப்படுவதால், குளிர்பானத்துக்காகப் பெருந்தொகை செலுத்திய நிறுவனம் வேறெந்தக் குளிர்பானத்தின் பெயரும் ஒலிம்பிக்கோடு சேர்ந்து ஒலிக்கக் கூடாது என எதிர்பார்க்கிறது. உரிமை வாங்காமலே விழாவின் புகழில் ஒட்டிக்கொள்ளும் உத்தி பதுங்கு விளம்பரம் எனப்படும். ரீபோக் அதிகாரபூர்வ விளம்பரதாரராக இருந்த 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், பிரிட்டன் ஓட்டக்காரர் லின்போர்ட் கிறிஸ்டி, பாயும் பூமாச் சின்னம் பொறித்த கான்டாக்ட் லென்சுகளை இரு கண்களிலும் அணிந்து செய்தியாளர்கள் முன் அமர்ந்தது இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு.

விதியின் சுமை எல்லார்மீதும் ஒன்றுபோல் விழுவதில்லை. டென்னிஸ், கூடைப்பந்து நட்சத்திரங்களுக்குச் சில வார விளம்பரம் நின்றுபோவது பெரிய இழப்பன்று. ஓட்டம், நீச்சல், பளுதூக்கல் போன்றவற்றில் இருப்போர்மீதோ உலகத்தின் பார்வை பெரும்பாலும் நான்காண்டுக்கு ஒருமுறைதான் படுகிறது, பயிற்சிக் காலமெல்லாம் கைகொடுத்த சிறு நிறுவனத்தின் பெயரைச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பூட்டு விழுவதும் அதே வாரங்களில்தான். பதக்கத்துக்கு ஒலிம்பிக் குழு பரிசுப்பணம் தருவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அவர்களது குறையின் நியாயம் விளங்கும். அமெரிக்க 800 மீட்டர் ஓட்டக்காரர் நிக் சிமண்ட்ஸ், தம் தோளில் தற்காலிகப் பச்சை வரையும் உரிமையை 2012இல் இணைய ஏலத்தில் 11,100 டாலருக்கு விற்றார். விளம்பரத்துக்குத் தடையுள்ள பந்தயங்களிலோ அந்தத் தோளை ஒட்டுநாடாவால் மறைத்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அதே ஆண்டு லண்டனில் சானியா ரிச்சர்ட்ஸ்-ராஸ் உள்ளிட்ட அமெரிக்கத் தடகளத்தினர் மாற்றம் கோரிச் சமூக ஊடகங்களில் வெளிப்படையாகக் குரலெழுப்பினர். இத்தகைய பிணக்கு ஒலிம்பிக்குக்கு மட்டும் உரியதன்று. போட்டி நிறுவனங்களோடு ஏற்கெனவே ஒப்பந்தம் செய்திருந்த இந்தியக் கிரிக்கெட் வீரர்கள், 2002இல் இலங்கையில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பைக்கு முன் இதே காரணத்தால் பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றத்தின் நிபந்தனைகளில் கையெழுத்திட மறுத்தனர்.

விளம்பரதாரர் பணம் இருநூறுக்கு மேற்பட்ட தேசிய ஒலிம்பிக் குழுக்களுக்குப் பகிரப்படுவதால், தனித்த உரிமை குலைந்தால் வறிய நாடுகளின் வீரர்களே முதலில் பாதிக்கப்படுவர் என்பது ஒலிம்பிக் குழுவின் வாதம். அதை எளிதில் தள்ளிவிட இயலாது எனினும், வீரரின் சொந்த முகத்தின்மீது அவருக்குள்ள உரிமையைப் பறிக்க அது போதிய காரணமாகாது. 2015இல் ஒலிம்பிக்கைக் குறிப்பிடாத பொதுவான விளம்பரங்களுக்கு வழிவிடப்பட்டது. 2019 பிப்ரவரியில் ஜெர்மனியின் கூட்டாட்சிப் போட்டிச்சட்ட ஆணையம் தலையிட்டதன் பயனாக, அந்நாட்டு வீரர்கள் முன்னனுமதியின்றி விளம்பரம் செய்யவும் 'பதக்கம்', 'தங்கம்' போன்ற சொற்களைப் பயன்படுத்தவும் இடம் கிடைத்தது. அதே ஆண்டு ஜூனில், 'அனுமதித்தாலன்றிக் கூடாது' என்றிருந்த துணைவிதியின் வாசகம், ஒலிம்பிக் குழுவின் நெறிகளுக்கு உட்பட்டு 'செய்யலாம்' எனத் திருத்தப்பட்டது.

இப்போது வீரர் தம் விளம்பரதாரருக்கு நன்றி கூறலாம். ஆனால் அப்பொருளால்தான் வென்றேன் என்று தோன்றும்படி கூறலாகாது. நடைமுறை விவரங்களை வகுப்பது தேசிய ஒலிம்பிக் குழுக்களின் பொறுப்பு என்பதால், ஒரே குளத்தில் அடுத்தடுத்த தடங்களில் நீந்தும் இருவரில் ஒருவருக்கு இடம் தரும் நன்றிச் செய்தி, மற்றவருக்கு விதிமீறலாக அமையவும் கூடும்.