தலைகீழாய் வந்த பட்டம்

மைசூரில் தேவராஜ மொஹல்லா என்றதும் சந்தைதான் நினைவுக்கு வரும். வெற்றிலைக் கட்டுகள், மல்லிகைச் சரங்கள், நஞ்சன்கூட்டு ரசவாழை, கூம்பு கூம்பாகக் குவித்த குங்குமம். நூறாண்டைத் தாண்டிய அந்தச் சந்தைக் கட்டடத்திலிருந்து கணினி அறிவியல் முதுநிலைப் பட்டத்தின் கதையைத் தொடங்குவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஜகன்மோகன் அரண்மனை இருக்கிறது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் தொடக்கக்காலப் பட்டமளிப்பு விழாக்கள் அங்கேதான் நடந்தன. இன்னும் சற்று நடந்தால் மகாராஜா கல்லூரியும் யுவராஜா கல்லூரியும். பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன லேன்ஸ்டவுன் கட்டடமும் பக்கத்திலேயே இருக்கிறது. 2012இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்து உயிர்களைப் பலிகொண்டது. பட்டம் கொடுத்த இடம், படித்த இடம், புத்தகம் வாங்கிய இடம் மூன்றும் ஒரு பொழுது நடையில் அடங்கிவிடுகிற ஊர் இது. இங்கே ஒரு பட்டம் எதற்காகப் பிறந்தது, இப்போது எதற்காக இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது வீண்வேலையாகாது.

முதுநிலைப் பட்டம் என்றால் இளநிலைக்கு மேல் எழுப்பிய மாடி என்றுதான் நாம் நினைக்கிறோம். தமிழ் எம்.ஏ., இயற்பியல் எம்.எஸ்ஸி. எல்லாம் அப்படித்தான். கணினி அறிவியலில் மாடி முதலில் வந்தது, தரைத்தளம் பிறகு வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1953இல் தொடங்கிய கணினிப் பட்டயப் படிப்பு ஏற்கெனவே வேறு பட்டம் பெற்றவர்களுக்கானது. அமெரிக்காவில் முதல் கணினி அறிவியல் துறை என்று சொல்லப்படும் பர்டியூ பல்கலைக்கழகத் துறை 1962இல் முதுநிலையோடும் முனைவர் பட்டத்தோடும் பிறந்தது. இளநிலைப் பட்டம் 1967இல்தான் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் துறை 1965இல் எழுந்தது, இளநிலைப் படிப்போ 1986 வரை காத்திருந்தது. இருபத்தொரு ஆண்டு இடைவெளி! நம் நாட்டிலும் இதே வரிசைதான். கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963இல் ஐ.பி.எம். 1620 கணினி வந்து இறங்கியது. அந்த ஆண்டே அங்கே ஆசிரியராகச் சேர்ந்தவர் ஈரோட்டில் பிறந்த வி. இராஜாராமன். 1971இல் அங்கு கணினி அறிவியலில் எம்.டெக். தொடங்கியது, அதே பாடத்தில் பி.டெக். வர மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின.

காரணம் எளியது. அந்தத் துறைக்குள் பிறந்தவர் என்று அப்போது யாரும் இல்லை. பாடம் நடத்தியவர் கணக்கிலிருந்து வந்தார், கேட்டவர் மின்பொறியியலிலிருந்தோ இயற்பியலிலிருந்தோ வந்தார். இராஜாராமனே பொறியியலிலிருந்து கடந்து வந்தவர். ஆகவே இந்த முதுநிலைப் பட்டத்தின் மூல வடிவம் ஆழப்படுத்தும் படிப்பு என்பதைவிடக் கரைகடத்தும் படிப்பு என்பதே சரி. படகு என்று வைத்துக்கொள்ளலாம். இக்கரையில் வேறு பாடம், அக்கரையில் கணினி. இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான்: அந்தப் படகை நாம் மாடி என்று பெயர் மாற்றிவிட்டோம், அதனால் யாருக்காக அது கட்டப்பட்டதோ அவர்கள் கரையிலேயே நிற்கிறார்கள்.

மைசூரின் கதை இதற்கு நல்ல சான்று. 1916இல் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் கீழ் இரண்டு கல்லூரிகள் இருந்தன. கலைப் பாடங்கள் பெரும்பாலும் மைசூர் மகாராஜா கல்லூரிக்கு, அறிவியல் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்கு. மைசூர் திவானாக இருந்த விசுவேசுவரய்யா முன்னின்று தொடங்கிய பொறியியல் கல்லூரியும் 1917இல் பெங்களூரில்தான் எழுந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் மைசூரிடம் இருக்க, அதன் ஆய்வுக்கூடங்கள் பெங்களூரிடம் இருந்தன. 1920களில் துணைவேந்தராக இருந்தவர் தத்துவ அறிஞர் பிரஜேந்திரநாத் சீல். கொல்கத்தாவில் மகலனோபிஸைப் புள்ளியியல் பக்கம் திருப்பியவர்களில் அவரும் ஒருவர். அந்த மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குத்தான் 1950களின் நடுவில் இந்தியாவின் முதல் கணினி வந்தது. சீலின் மாணவ வழியில் கொல்கத்தாவுக்குக் கணினி கிடைத்தது; சீல் ஆண்ட மைசூருக்கு அதன் மணம்கூட வரவில்லை.

பிறகு இரண்டு பிரிவினைகள் நடந்தன. 1964இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் தனியே பிறந்து சென்ட்ரல் கல்லூரியையும் விசுவேசுவரய்யாவின் பொறியியல் கல்லூரியையும் கொண்டு போயிற்று. நல்லவேளையாக, துணைவேந்தராக இருந்த கவிஞர் குவெம்பு, குக்கரஹள்ளி ஏரிக்கரையில் முதுநிலைப் படிப்புக்கென்றே ஒரு வளாகத்துக்கு வழி செய்து, மானசகங்கோத்ரி என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார். 1960இல் திறந்த அந்த வளாகம் இல்லாவிட்டால் மைசூரில் அறிவியல் முதுநிலை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது. அடுத்த பிரிவினை 1998இல். மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் பெலகாவியைத் தலைமையிடமாகக் கொண்ட விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் போயின. மைசூரிலேயே இருந்த நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் எஞ்சினியரிங்கும் ஜெயசாமராஜேந்திரா பொறியியல் கல்லூரியும் தம் தாய்ப் பல்கலைக்கழகத்தை விட்டுப் பிரிந்தன. அதன் பின் ஒரே ஊரில் கணினி அறிவியல் முதுநிலை இரண்டு வீடுகளில் குடியிருந்தது. பொறியியல் பட்டதாரிக்கு எம்.டெக். ஒரு வீட்டில், பி.எஸ்ஸி. முடித்தவருக்கு எம்.எஸ்ஸி.யும் எம்.சி.ஏ. எனும் கணினிப் பயன்பாட்டு முதுநிலையும் மானசகங்கோத்ரியில். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை இது. ஆனால் யுவராஜா கல்லூரியில் கணக்கோ இயற்பியலோ படித்தவர் கணினிப் பக்கம் கடக்கப் படகு நின்ற துறை இந்த இரண்டாவது வீடுதான்.

மைசூரில் படித்துக் கரைகடந்தவர்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நா. ரா. நாராயண மூர்த்தி. நேஷனல் இன்ஸ்டிட்யூட்டில் மின்பொறியியல் படித்து 1967இல் மைசூர்ப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். கான்பூரில் 1969இல் எம்.டெக். முடித்தார். அப்போது அங்கே கணினி அறிவியலுக்கென்று தனி எம்.டெக். பட்டம் இல்லை, கணினியும் கணினி ஆசிரியர்களும் இருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது. அங்கிருந்து அவர் போனது அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் கணினி மையத்துக்கு. மின்பொறியாளராகப் போனவர் நிரல் எழுதுபவராகத் திரும்பினார். ஒருவரை வைத்துக்கொண்டு வரலாறு சொல்லலாமா என்று கேட்டால், கூடாதுதான். பெரியவர்களின் வாழ்க்கை எதையும் நிரூபிக்கும். அதைவிடக் கனமான சான்று எம்.சி.ஏ. பட்டம். இராஜாராமன் தலைமையேற்ற மனிதவளக் குழு, நாட்டுக்கு எத்தனை கணினி வல்லுநர்கள் வேண்டும் என்று கணக்கிட்டபோது, பொறியியல் கல்லூரிகள் மட்டும் அதை நிரப்ப முடியாது என்று தெரிந்தது. எனவே 1982இல் எந்தப் பட்டதாரியும் கணக்கு தெரிந்தால் சேரலாம் என்கிற மூன்றாண்டுப் படிப்பு வந்தது. மற்ற முதுநிலைகளெல்லாம் இரண்டாண்டாக இருக்க இதற்கு மட்டும் ஏன் மூன்று? அந்த அதிகப்படி ஓராண்டுதான் படகு ஓடும் நேரம்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதுவும் மைசூரிலிருந்தே. கரைகடத்தும் வேலையைப் பல்கலைக்கழகத்தைவிடக் கம்பெனி நன்றாகச் செய்கிறதே என்பார்கள். நகரின் ஓரத்தில் ஹெப்பாளில் இன்ஃபோசிஸ் நடத்தும் பயிற்சி வளாகத்தில் ஒரே வேளையில் 10,000க்கும் மேற்பட்டோர் தங்கிப் படிக்க இடமுண்டு. மெக்கானிக்கல், சிவில் என்று எந்தப் பிரிவில் வந்தவரையும் சில மாதங்களில் நிரலாளராக்கி அனுப்புகிறார்கள். படிக்கும்போதே சம்பளமும் உண்டு. மூன்றாண்டு எதற்கு, இரண்டாண்டுதான் எதற்கு? வலுவான கேள்வி; மழுப்பக் கூடாது. வேகத்தில் கம்பெனியை எந்தப் பல்கலைக்கழகமும் வெல்லாது. ஆனால் அந்தப் படகில் யார் ஏறலாம் என்பதை முடிவு செய்பவர் படகுக்காரர். கல்லூரிக்கே வந்து ஆளெடுப்பார்கள். எந்தக் கல்லூரிக்கு வருவார்கள் என்பதும் அவர்கள் விருப்பம். வியாபாரம் சுருங்கும் ஆண்டில் படகும் சுருங்கும். பாதி ஆற்றில் இறக்கிவிடவும் செய்யலாம்: 2025 பிப்ரவரியில் உள்தேர்வில் தேறாத பயிற்சியாளர்கள் அந்த வளாகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 300க்குச் சற்று மேல் என்றது நிறுவனம், 700 என்றது ஊழியர் சங்கம். மூன்று முறை வாய்ப்பு கொடுத்தோம் என்பது நிறுவனத்தின் விளக்கம், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பிரச்சினை விளக்கத்தில் இல்லை. கம்பெனி விட்டுவிட்டால் அங்கே கற்ற சில மாதங்களுக்கு வெளியே மதிப்புச் சீட்டு ஏதுமில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு தாளில் தோற்றவர் அடுத்த பருவத்தில் எழுதலாம். முதலாளியின் அனுமதி இல்லாமல் ஒருவர் தொழில் மாறுவதற்குப் பட்டத்தைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு நம்மிடம் இல்லை.

இன்னொரு மறுப்பு அறிஞர் பக்கத்திலிருந்து வரும். முதுநிலை என்பது ஆய்வுக்கு வாசல். அதை வேலைக்கான சீட்டாக்கிவிட்டார்கள் என்ற வருத்தம். அமெரிக்க எம்.எஸ்.ஸைக் காட்டுவார்கள். 2004இல் அந்நாட்டுச் சட்டம் அங்கே முதுநிலை முடித்தவர்களுக்கென்று ஆண்டுக்கு 20,000 வேலை விசாக்களை ஒதுக்கியது; சென்னையிலும் மைசூரிலும் பெங்களூரிலும் எம்.எஸ். என்றாலே விமானச் சீட்டு என்று பொருளானதில் அதற்கும் பங்குண்டு. உண்மைதான். ஆனால் இந்தப் பட்டம் ஒரு காலத்தில் தூய கல்வியாக இருந்து பிறகு சந்தைக்கு வந்துவிட்டது போல வருந்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. எம்.சி.ஏ. மனிதவளக் குழுவின் கணக்கேட்டிலேயே பிறந்த குழந்தை. அந்தத் தரப்பில் ஒரு நியாயத்தை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். கரைகடக்க வந்தவரையும் ஆழம் பார்க்க வந்தவரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் இருவருமே கெடுவார்கள். பி.சி.ஏ. படித்துவிட்டு வந்தவர் முதல் பருவத்தில் கொட்டாவி விடுவார். வேதியியல் படித்துவிட்டு வந்தவர் அதே பருவத்தில் மூச்சுத் திணறுவார்.

1990களுக்குப் பிறகு பி.சி.ஏ.வும் பி.எஸ்ஸி. கணினி அறிவியலும் ஊருக்கு ஊர் பரவின. தரைத்தளம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. எம்.சி.ஏ. வகுப்பில் ஏற்கெனவே அக்கரையில் இருந்தவர்கள் பெருகினார்கள். அவர்களுக்கு மூன்றாவது ஆண்டு சுமையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. 2020-21 கல்வியாண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு எம்.சி.ஏ.வை இரண்டாண்டாகக் குறைத்தது. படிப்புக் காலம் மிச்சம், கட்டணம் மிச்சம் என்று பலரும் வரவேற்றார்கள். அந்த வரவேற்பில் தவறில்லை. குறைத்தது நியாயம், யாரைக் கருதிக் குறைத்தார்கள் என்பதுதான் கேள்வி. இருவருக்கும் இரு வழி வைத்திருக்கலாம்: கணினி படித்தவருக்கு இரண்டாண்டு, மற்றவருக்கு மூன்று. கணினிப் பட்டதாரிகளை நேரே இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் முன்பே இருந்ததால் அது புதிய யோசனைகூட இல்லை.

இப்போதும் வேறு பாடம் படித்த பட்டதாரி எம்.சி.ஏ.வில் சேரலாம், வாசல் மூடப்படவில்லை. பள்ளியிலோ பட்டப் படிப்பிலோ கணக்கு படித்திருந்தால் நல்லது. கூடுதலாக இணைப்புப் பாடங்கள் சிலவற்றை முடிக்க வேண்டும் என்கிறது தகுதி விதி. அந்தப் பாடங்கள் எவை, எத்தனை வாரம் என்பதைப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பு ஓர் ஆண்டாக இருந்தது இன்று விதிப் புத்தகத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி.