மாற்றுச் சிறுநீரகமும் மறைந்து வாழும் கிருமியும்

மாத்தளை என்றதும் மிளகும் கொக்கோவும் தேயிலையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அம்மாவட்டத்தின் வடகிழக்கே, மகாவலியை ஒட்டிக் கிடக்கும் வில்கமுவைப் பிரதேசம் நெல் விளைவிக்கும் உழவர்களின் பூமி. 1990களில் வடமத்திய மாகாணத்தில் வைத்தியர்கள் ஒரு புதிய சிறுநீரக நோயைக் கண்டனர். நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத உழவர்களையும் அது பற்றியது. அதன் காரணம் பற்றி அறிஞர்களிடையே இன்றுவரை ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. வில்கமுவையும் அந்நோயின் எல்லைக்குள் அகப்பட்ட பிரதேசமாகும். சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவனுக்கு இரண்டே வழிகள்: இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது, அல்லது பிறர் மனமுவந்து அளிக்கும் சிறுநீரகத்தை ஏற்பது. அவ்வாறு ஏற்றவனை எதிர்கொள்ளும் ஆபத்தின் வரலாற்றையே நாம் இங்கு நோக்குகிறோம்.

1954 டிசம்பரில் பொஸ்டன் நகரில் ஜோசப் மரே என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவனின் சிறுநீரகத்தை அவனுடைய இரட்டைச் சகோதரனுக்குப் பொருத்தி வெற்றி கண்டார். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களாதலால் உடல் அதை அந்நியமெனத் தள்ளவில்லை. மற்றையோருக்கோ உடலின் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்க வேண்டியிருந்தது. ஹிச்சிங்ஸ், எலியன் ஆகியோரின் ஆய்வுகூடத்தில் பிறந்த அசாதயோபிரின் 1960களில் அதற்கு வழி திறந்தது. ஆயின், அந்நிய உறுப்பைத் தாக்கும் அதே காவற்படைதானே நோய்க்கிருமிகளையும் தடுத்து நிற்கிறது! காவல் உறங்கியதும் கிருமிகள் எழுந்தன.

அக்காலத்தில் உறுப்பு மாற்றத்தின் பின் இறந்தோரின் நுரையீரல்களில் ஆந்தையின் கண்போன்று பருத்த உயிரணுக்கள் காணப்பட்டன. சைட்டோமெகலோ வைரஸின் அடையாளம் அது. நம் நாடுகளில் பெரும்பாலோர் இளமையிலேயே இவ்வைரஸைப் பெற்று, ஒரு துன்பமுமின்றி ஆயுள் முழுவதும் சுமந்து திரிகிறார்கள். எதிர்ப்புச் சக்தி அடங்கியவனிடத்தில் அது விழித்தெழுகிறது; சில வேளைகளில் கொடையாளியின் உறுப்புடனேயே வந்து சேர்கிறது. 1969-70இல் எடின்பரோவின் சிறுநீரக சிகிச்சைப் பிரிவில் பரவிய ஈரல் அழற்சி நோயாளரை மட்டுமன்றி ஊழியர்களையும் பலி கொண்டது. 1971இல் இலண்டனில், சிறுநீரகம் மாற்றப்பெற்ற சூடான் நாட்டவர் ஒருவரின் சிறுநீரில் கண்ட புதிய வைரஸுக்கு அவரது பெயரின் முதலெழுத்துகளால் ‘பீ.கே.’ என்று பெயரிட்டனர். புதிய சிறுநீரகத்தையே அழிக்கவல்ல அதற்கு இன்றும் உறுதியான மருந்தில்லை. எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைப்பதே முதல் வழி. அதிகம் குறைத்தால் உடல் உறுப்பை நிராகரிக்கும்; குறைக்காவிட்டால் வைரஸ் தின்னும்.

எதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தந்த எலியனின் குழுவினரே வைரஸை எதிர்க்கும் அசைக்ளோவிரையும் உலகுக்கு அளித்தனர். அதன் உறவான கான்சிக்ளோவிர் 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; பின்னர் அதன் மாத்திரை வடிவமும் வந்தது. அதை உறுப்பு மாற்றத்தின் பின் சில மாதங்கள் தவறாது உட்கொள்வோர் பேராபத்தினின்றும் பெரிதும் காக்கப்படுகின்றனர்.

இந்தியாவில் 1971இல் வேலூரிலும், இலங்கையில் 1985இல் கொழும்பிலும் சிறுநீரக மாற்றம் நடந்தேறியது. இங்கு 1987இல் அதற்கெனச் சட்டமும் பிறந்தது. பொலன்னறுவையில் 2021இல் சிறுநீரக நோய்க்கெனத் தனி வைத்தியசாலை திறக்கப்பட்டது. இவை மக்கள் பெற்ற பேறுகள் என்பதில் ஐயமில்லை. எனினும், சத்திரசிகிச்சை மேசையுடன் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. இரத்தத்தில் வைரஸின் அளவைக் காலந்தோறும் சோதிக்க வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அன்றாடம் மாத்திரை உண்டே உயிர் தரிப்பவனுக்கு அத்தகைய தட்டுப்பாட்டின் பொருள் என்ன? 2017இல் 1,86,000 பேரைப் பீடித்த டெங்கு போன்ற காய்ச்சல் வந்தால், தூரக் கிராமத்தவன் எந்த வைத்தியரை நாடுவான்?

தாயோ தமக்கையோ தன் உடலிலிருந்து ஈந்த உறுப்பு, ஒரு சோதனை பிந்தியதாலோ ஒரு மாத்திரை கிடைக்காததாலோ அழிவது இயற்கையின் விதியன்று. சத்திரசிகிச்சைக்கு முன்பே தடுப்பூசிகள், மாவட்ட வைத்தியசாலையிலேயே வைரஸ் பரிசோதனை, தடையற்ற இலவச மருந்து ஆகியன வேண்டும். நோயின் காரணத்தைக் கண்டறியும் ஆராய்ச்சியும், அதுவரை ஒவ்வொரு வீட்டுக்கும் நல்ல குடிநீரும் வேண்டும். நமக்குச் சோறிடும் உழவனுக்கு இவற்றைக் கேட்பது பிச்சையன்று; அவனுக்கு உரியதைக் கேட்பதே.