பலம் பெருகிய வரலாறு

ஜப்பானிய வாரப் பத்திரிகைகளின் சித்திரக் கதைகளில் ஊறியவர்களுக்கு ஒரு சம்பிரதாயம் நன்கு தெரியும். வீரன் தன்னினும் பெரிய பகைவனிடம் அடிபடுகிறான். கடும்பயிற்சியால் புதிய சக்தி பெற்று அவனை வெல்கிறான். வென்ற களைப்பு ஆறுவதற்குள், வீழ்ந்தவன் வெறும் சேவகன் என்றும் எஜமானன் இனிமேல்தான் வரப்போகிறான் என்றும் செய்தி வருகிறது. இதைக் கர்த்தாக்களின் கற்பனை வறட்சி என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல என்பது என் அபிப்பிராயம். அவர்கள் உழைத்த பத்திரிகையின் அமைப்பிலேயே இச்சக்கரத்தின் அச்சு இருந்தது.

ஷூஏஷா நிறுவனம் 1968-இல் தொடங்கி, மறு ஆண்டே வார இதழாக்கிய 'ஷோனென் ஜம்ப்', பிரபல ஓவியர்களை முன்பே தம் வசப்படுத்தியிருந்த மூத்த பத்திரிகைகளோடு போட்டியிட வேண்டியிருந்தபடியால், புதியவர்களின் கையையும் வாசகர்களின் தீர்ப்பையும் நம்பியே வளர்ந்தது. இதழோடு இணைந்த அஞ்சலட்டையில் தமக்குப் பிடித்த கதைகள் மூன்றைச் சிறுவர்கள் குறித்தனுப்புவார்கள். அந்த வாக்கில் பின்தங்கிய தொடர் பத்து வாரங்களோடு நின்றுபோவதும் உண்டு. முன்னின்ற தொடரை முடிக்கவோ எளிதில் மனம் வராது. தோழமை, முயற்சி, வெற்றி என்ற மூன்றையும் கொள்கையாகக் கொண்ட அவ்விதழில், மஸமி குருமடா 1977-இல் குத்துச்சண்டைக் கதையாகத் தொடங்கிய 'ரிங் நி காகெரோ', போகப்போக மனித எல்லையைக் கடந்த அற்புத அடிகளின் களமாகிவிட்டது.

ஆயினும் இச்சரித்திரத்தின் நடுநாயகம் அகிரா தோரியாமாவின் 'டிராகன் பால்'தான். 1984-இன் இறுதியில், சீனத்துப் பழங்கதையின் வானர வீரனைத் தழுவிய ஒரு வேடிக்கை யாத்திரையாகவே அது புறப்பட்டது. வாக்குகள் குறையத் தொடங்கியபோது, ஆசிரியர் கஸுஹிகோ தோரிஷிமாவோடு கலந்து, தோரியாமா கதையைத் தற்காப்புக்கலைப் போட்டியின் பக்கம் திருப்பினார், வாக்குகள் பெருகின.

அந்த முதல் பயிற்சிக் காட்சிகளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இருபது கிலோ எடையுள்ள ஆமையோட்டை முதுகில் சுமந்துகொண்டு, சிறுவன் கோகுவும் அவன் தோழன் குரிரினும் விடியற்காலையில் வீடு வீடாகப் பால் போடுகிறார்கள். வெறுங்கையால் வயலைக் கிளறுகிறார்கள். மாதங்கள் கழித்து ஓட்டை இறக்கிவிட்டுக் குதித்துப் பாருங்கள் என்று குரு சொல்ல, குதித்தவர்கள் ஆகாயத்தில் எங்கோ நிற்கிறார்கள். பிறகு அந்தக் குருவே மாறுவேடம் பூண்டு போட்டியின் இறுதிச் சண்டையில் கோகுவைத் தோற்கடிக்கிறார். தமக்கு மேற்பட்டவர் உலகில் உண்டென்று சீடர்கள் உணர வேண்டுமென்பதே அவர் கருத்து. ஆகவே, ஓயாது வளரும் பகைவன் என்னும் ஏற்பாடு, இக்கதையைப் பொறுத்தமட்டில், அடக்கத்தைக் கற்பிக்கும் ஓர் உபதேசமாகவே பிறந்தது.

பின்னர் வானிலிருந்து ரடிட்ஸ் என்னும் புதிய பகைவன் இறங்கினான். கண்ணருகே அணிந்த ஸ்கௌட்டர் என்னும் கருவியால், துப்பாக்கியோடு நின்ற ஒரு விவசாயியை அளந்து, பலம் ஐந்து என்றான். அக்கணமே பலம் எண்ணாயிற்று. எண்ணுக்கு உச்சவரம்பு ஏது? சில தொகுதிகளுக்குள்ளேயே அடுத்த பெரும்பகைவனான ஃபிரீஸா தன் பலம் 5,30,000 என்று அமைதியாகக் கூறுகிறான். அதுவும் அவனுடைய முழுபலமன்று. தோரியாமாவே அதன்பின் அக்கருவியை ஏறக்குறைய கைவிட்டுவிட்டார் என்பது கவனிக்கத்தக்கது.

எண் பெருகப் பெருக, முயற்சி சுருங்கியது; என்னை வருத்துவது இதுவே. பால் சுமந்த மாதங்களின் இடத்தை, நூறு மடங்கு புவியீர்ப்புள்ள விண்கலத்தில் கழியும் சில நாட்களும், வெளியே ஒரு நாள் கழிய உள்ளே ஓராண்டு கழியும் மாய அறையும் பிடித்துக்கொண்டன. பத்திரிகையோ 1994-இன் இறுதியில் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் என்னும் உச்சியை எட்டியிருந்தது. 1995-இல் 519 அத்தியாயங்களோடு 'டிராகன் பால்' முடிவுற்றபின் விற்பனை சரிந்து, 1997-இல் போட்டியான 'ஷோனென் மகஸின்' அதை முந்திற்று.

இச்சக்கரத்தின் கொடுமையை உள்ளிருந்தே கண்டவர் யோஷிஹிரோ தொகாஷி. 'யூ யூ ஹகுஷோ'வில் வீரர்கள் உயிரைக் கொடுத்து வென்ற தொகுரோ, பேயுலக வகுப்பில் வெறும் இரண்டாந்தர, மூன்றாந்தரத்தவனே என்று பின்னால் தெரியவரும்போது, வாசகன் நெஞ்சில் அந்த வெற்றியே சிறுத்துப்போகிறது. புகழின் உச்சியிலேயே, 1994-இல், அவர் அத்தொடரைத் தாமாக முடித்துக்கொண்டார். ஹிரோஹிகோ அராகி 'ஜோஜோ' தொடரில் வேறொரு வழியை முன்பே வகுத்திருந்தார்: ஆளுக்கொரு விசித்திர ஆற்றல், அதன் இயல்பைக் கண்டறிபவனுக்கே வெற்றி. 1998-இல் தொகாஷி தொடங்கிய 'ஹண்டர் ஹண்டர்' இதனினும் ஒரு படி சென்று, தனக்குத்தானே நிபந்தனையும் விரதமும் விதித்துக்கொள்பவனுக்கே பெரும்பலம் என்று வகுத்தது. சிறுவன் கோன் ஒரே ஒரு வெற்றிக்காகத் தன் எதிர்கால வளர்ச்சி முழுவதையும் விலையாகக் கொடுக்கும் அத்தியாயத்தில், முயற்சிக்குப் பழைய கனம் மீண்டும் வந்து சேர்கிறது.