வயிறு வலிக்குதா? எந்தப் பக்கம் எந்த உறுப்பு... வலி இடம் மாறினால் ஏன் உஷாரா இருக்கணும்?

"வயிறு வலிக்குது" என்றதும் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "எந்த இடத்துல?" காரணம், பேச்சு வழக்கில் வயிறு என்று சொல்வது ஒரே உறுப்பு அல்ல. பல உறுப்புகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட பகுதி அது.

எங்கே என்ன இருக்கு?

தொப்புள் வழியாக நேராக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போட்டால் வயிறு 4 பாகமாகும். வலது, இடது என்பது வலி உள்ளவரின் வலது, இடது.

* வலது மேல்: கல்லீரலின் பெரும்பகுதி, பித்தப்பை
* இடது மேல்: இரைப்பை, மண்ணீரல்
* வலது கீழ்: குடல்வால் எனும் அப்பெண்டிக்ஸ், பெருங்குடலின் தொடக்கம்
* இடது கீழ்: பெருங்குடலின் கடைசிப் பகுதி

பெண்களுக்கு அடிவயிற்றில் இரண்டு பக்கமும் சினைப்பை உண்டு. சிறுநீரகங்கள் பின்பக்கம், முதுகை ஒட்டி இருக்கின்றன. அதனால்தான் கல் வலி பெரும்பாலும் விலாவுக்குப் பின்னால் தொடங்கி, அடிவயிறு வரை இறங்கும்.

வலி ஏன் இடம் மாறுது?

தோலில் முள் குத்தினால், கண்ணை மூடிக்கொண்டே இடத்தைச் சொல்லிவிடலாம். உள்ளுறுப்புகளுக்கு அந்தத் துல்லியம் கிடையாது. குடல்வாலின் வலியைக் கொண்டுவரும் நரம்பும், தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் நரம்பும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் சேர்கின்றன. அதனால் குடல்வால் வீங்கத் தொடங்கும்போது, தொப்புளில் வலிப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. வீக்கம் வயிற்றின் உட்சுவர் சவ்வை எட்டிய பிறகுதான், வலி வலது கீழ்ப்பக்கம் வந்து நிற்கும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் இது நடந்துவிடும்.

"வலி நகர்ந்துடுச்சு, கேஸ்தான்" என்று விட்டுவிடுவது இங்கேதான் ஆபத்து. கவனிக்காமல் விட்டால் குடல்வால் வெடித்து, தொற்று வயிறு முழுக்கப் பரவலாம்.

கேஸா, மாரடைப்பா?

இதயத்தின் அடிப்பகுதி உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அதற்குக் கீழேதான் இரைப்பை. மாரடைப்பு வலி சிலருக்கு மேல்வயிற்றிலும், இடது கையிலும், தாடையிலும் தெரியும். மேல்வயிற்று வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சில் இறுக்கம் இருந்தால் சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழைக்கணும்.

எப்போ உடனே ஆஸ்பத்திரி?

* வலி வலது கீழ்ப்பக்கம் நகர்ந்து, காய்ச்சல் அல்லது வாந்தி இருந்தால்
* வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டால்
* ரத்த வாந்தி, தார் போல கருப்பு மலம் போனால்
* கர்ப்பிணிக்குக் கடுமையான வலி வந்தால்

வலிக்கான காரணம் தெரியாமல் பேதி மருந்து சாப்பிடக் கூடாது. டாக்டரிடம் போனால், வலி இப்போ எங்கே என்பதோடு, முதலில் எங்கே தொடங்கியது என்பதையும் மறக்காமல் சொல்லுங்க.